மீன்பாசி – கம்பம் பள்ளத்தாக்கில் எழுதிய பாத்தியதையும் எழுதாத பாத்தியதையும்

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். பென்னிகுக்கின் பிடிவாதம், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கட்டுமானம், மலைக்காய்ச்சலில் மாண்ட தொழிலாளர்கள், 136 அடியா 142 அடியா என்ற வழக்கு என எல்லாவற்றையும் நாம் பலமுறை படித்திருக்கிறோம். நீரைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அந்த நீருக்குள் இருந்த ஒன்றைப் பற்றி அநேகமாகப் பேசியதே இல்லை. அது மீன்.

இத்தனைக்கும் அந்தப் புகழ்பெற்ற பத்திரத்திலேயே மீன் இருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் சார்பில் திவான் ராம ஐயங்காரும், ஆங்கில அரசின் சார்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையொப்பமிட்ட குத்தகைப் பத்திரம், 999 ஆண்டுகளுக்கு 8,000 ஏக்கர் நிலத்தையும் அதில் தேங்கும் நீரையும் சென்னை மாகாணத்துக்கு அளித்தது. வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அதே பத்திரம், அந்நீரில் மீன்பிடிக்கும் முழு உரிமையையும் குத்தகைதாரருக்கே கொடுத்தது. அணை கட்டத் தொடங்குமுன்னரே, ஏரி என்று ஒன்று உருவாகுமுன்னரே, அதில் நீந்தப்போகும் மீனுக்கு உரிமையாளர் குறிக்கப்பட்டுவிட்டார். இங்கிலாந்தில் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு விடும்போது மீனையும் வேட்டையையும் சேர்த்தெழுதும் வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் எழுதுகோல் தானாக எழுதிய வரி இது என்றே எண்ணத் தோன்றுகிறது.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். தேக்கடியில் இருபத்தாறு சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் விரிந்தது. அந்த நீரில் மாகாணத்துக்கு இருந்த மீன் உரிமை காகிதத்தில் எழுபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. பிறகு 1970 மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் ஒரு துணை ஒப்பந்தம் செய்துகொண்டன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுப்பதற்குத் தமிழ்நாட்டுக்கு முறையான அனுமதி கிடைத்தது. (1941-இல் வெளியான நடுவர் தீர்ப்பு, இந்த நீரைப் பாசனத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்றிருந்ததை நினைவிற்கொள்க.) அதே ஒப்பந்தத்தில் தமிழ்நாடு தன் மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது.

மின்சாரத்தோடு ஒப்பிட்டால் மீன் என்ன பெறும்? ரூபாய்க் கணக்கில் பார்த்தால் தமிழ்நாட்டு அதிகாரிகள் செய்தது நல்ல வியாபாரம்தான். நாம் அதைக் குறை சொல்லப் போவதில்லை. நம்மை நிறுத்தி யோசிக்கவைப்பது வேறொன்று. 1886-இல் உரிமை ஒரு திசையில் போனது. 1970-இல் எதிர்த்திசையில் திரும்பியது. இரண்டு முறையும் அந்தக் காட்டில் மீன்பிடித்து உண்டவர்கள் யாரும் மேசையருகில் இல்லை.

அவர்கள் யார்? மன்னான்களும் பளியர்களும். ஏலமலைக் காடுகளின் பழங்குடிகளான இவர்களில் மன்னான்கள், தாங்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்ற ஐதீகத்தைக் காத்துவருபவர்கள். அவர்களுக்கென ஓர் அரசர் உண்டு. கட்டப்பனையை அடுத்த கோவில்மலையில் இன்றும் அந்தப் பட்டம் தொடர்கிறது. பேச்சில் தமிழ்ச் சாயல் பலமாக உண்டு. பளியர்களோ மலையின் இருபுறமும் வாழ்பவர்கள். தேனி மாவட்டத்து மலையடிவாரங்களிலும் அவர்களுடைய குடியிருப்புகளைக் காணலாம். ஆக, எல்லைக்கோடு அவர்களுக்கு மிகவும் பிற்பாடு வந்த செய்தி.

அணைநீர் ஏறியபோது ஆற்றோரத்து நிலங்கள் மூழ்கின. 1934-இல் ஏரியைச் சுற்றியிருந்த காடு நெல்லிக்காம்பட்டி சரணாலயமானது. 1940-களில் காட்டுக்குள் சிதறி வாழ்ந்தவர்களைக் குமுளியின் ஓரத்துக்கு அழைத்துவந்து குடியமர்த்தினார்கள். 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம் என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தடை கூடியது. எஞ்சியது ஏரி. மூங்கில் மிதவையில் ஏறி, மாலையில் வலை விரித்து, விடியலில் எடுக்கும் தொழில் அவர்களுக்கு விடப்பட்டது. ஏரியில் மீன்பிடிக்கும் அனுமதி இவ்விரு குடியினருக்கே என்ற ஏற்பாடும், மீனை வாங்கி விற்கப் பழங்குடியினர் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டன.

1996-இல் தொடங்கிய இந்திய சூழல்மேம்பாட்டுத் திட்டம் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு புதிய வடிவம் தந்தது. காப்பகத்தை ஒட்டி வாழ்வோரைக் குழுக்களாக்கி, காட்டைக் காப்பதில் அவர்களுக்குப் பங்கும் வருமானமும் தருவதே திட்டத்தின் கருத்து. இதன் பலனைச் சிலர் மிகைப்படுத்துவர், சிலர் ஏளனம் செய்வர். எங்கள் கருத்து இரண்டுக்கும் நடுவில். ஒரு புலிகள் காப்பகத்தின் நடுவே வலை வீசும் மனிதனைத் திருடன் என்று பாராமல் தொழிலாளி என்று பார்க்கவைத்தது சிறிய மாற்றமன்று.

ஆனால் வலையில் என்ன விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரியாற்று நீரில் உலகில் வேறெங்குமில்லாத மீன்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு 1941-இல் சுந்தர ராஜ் என்ற ஆய்வாளர் லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று பெயர் சூட்டினார். இதன் நெருங்கிய உறவினர்களாகக் கருதப்பட்ட மீன்கள் இமயமலையின் குளிர்ந்த ஓடைகளில் இருக்க, இது ஒன்று மட்டும் தென்கோடியில் எப்படி வந்து தங்கியது என்பது மீனியலாளர்களுக்கு ஒரு புதிர். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். அணை தேக்கிய அசையா நீரில், வெளியிலிருந்து வந்த திலாப்பியாவும் சாதாக் கெண்டையும் பெருகிவிட்டன. மன்னானின் வலையில் பெரும்பாலும் விழுவது இந்த வந்தேறி மீன்களே. அவனுடைய அன்றாடச் சோற்றுக்கு அவையே ஆதாரம். அவனுடைய பாட்டன் அறிந்த மீனுக்கு அவையே பகை. வந்தேறி மீனை அவன் எவ்வளவு பிடிக்கிறானோ அவ்வளவு ஏரிக்கு நல்லது என்பது ஒரு வினோதமான ஆறுதல்.

இனி மலையிறங்குவோம். தேக்கடியில் குடைவழி நுழையும் நீர், மலையின் கிழக்குச் சரிவில் குழாய்களில் விழுந்து, வைரவனாறு வழியாக முல்லையாற்றில் சேர்ந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பள்ளத்தாக்கின் நெடுகிலும் ஓடுகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் இந்த நீரை நம்பியிருப்பவை. பெரியாறு வருமுன் இப்பகுதி வெறும் பொட்டல் என்பதுபோல் சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. மலையோடைகளையும் சுருளியாற்றையும் மறித்து ஊர்கள் தமக்கெனக் குளங்களும் கண்மாய்களும் வைத்திருந்தன. கம்பத்தின் வீரப்பநாயக்கன் குளம், போடியின் பங்காருசாமி நாயக்கர் கண்மாய் ஆகிய பெயர்களே அவற்றை வெட்டிய காலத்தைச் சொல்லிவிடும். தேனி அல்லிநகரத்தில் மீறுசமுத்திரம் என்று ஒரு கண்மாய் இருக்கிறது. பெரியகுளம் என்று ஓர் ஊருக்கே குளத்தின் பெயர். பெரியாற்று நீர் வந்தபோது இந்தக் குளங்களில் சில அதையும் ஏற்றுக்கொண்டன. இராமநாதபுரத்து வானம் பார்த்த கண்மாய்கள் நான்கைந்து மாதத்தில் வறண்டுவிடும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் நீர் பெறும் பள்ளத்தாக்குக் குளங்களோ இன்னும் பல மாதங்கள் நீர் தாங்குபவை. மீனுக்கு இது பெரிய வேறுபாடு.

இந்தக் குளங்களின் மீன் வருமானத்துக்கு அரசு ஏல அறிவிப்புகளில் இன்றும் ஒரு பழஞ்சொல் வழங்குகிறது: மீன்பாசி. மீன்பாசிக் குத்தகை, மீன்பாசி ஏலம் என்பார்கள். இந்தச் சொல்லில் பாசி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கல்வெட்டுக்குப் போக வேண்டும். சோழ, பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களுள் ஒன்று பாசிப்பாட்டம். குளத்தில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய குத்தகை அது என்பது கல்வெட்டறிஞர்களின் விளக்கம். பாட்டம் என்பது குத்தகை அல்லது வாரம். (மலையாளத்தில் இந்தச் சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. 1886-ஆம் ஆண்டுப் பெரியாற்றுப் பத்திரத்தை மலையாளிகள் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் தெரியுமா? பாட்டக்கரார்! குளத்து மீனுக்குச் சோழர் காலத்தில் சொன்ன சொல்லையே ஓர் ஏரி முழுவதற்கும் சொல்கிறார்கள்.)

பாசிப்பாட்டத்தில் நம் கவனத்துக்குரியது அதன் பெயரைவிட அது போய்ச் சேர்ந்த இடம். மீன் குத்தகையில் வந்த பணத்தைக் கொண்டு அதே குளத்தைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் ஏற்பாடு செய்த செய்திகள் சோழர் காலம் முதல் விஜயநகர காலம் வரை கிடைக்கின்றன. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவையே குறிப்பிடுகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு, அதன் செலவுக்கு ஏரியிலிருந்தே ஒரு வருவாய். இந்த இணைப்பில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. குளத்தில் மீனை முழுமையாகப் பிடிக்க முடிவது நீர் வற்றும் கோடையில். வண்டல் எடுக்க முடிவதும் அப்போதுதான். வயலில் வேலை குறைந்து ஆட்கள் கிடைப்பதும் அப்போதுதான். பணமும் ஆளும் வேலையும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன. வண்டல் எடுத்த பள்ளத்தில் அடுத்த ஆண்டு நீர் சற்று அதிக நாள் நிற்கும். மீனும் சற்று அதிகம் வளரும்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் நடக்கும் மீன்பிடித் திருவிழாக்களை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அழிகண்மாய் என்று அதற்குப் பெயர். கண்மாயின் நீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் செய்தி போகும். அன்று விடியற்காலையில் கரை நிரம்பக் கூட்டம். யாரும் இறங்கமாட்டார்கள். சாமி கும்பிட்டு, பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கானோர் ஒரே பாய்ச்சலாக இறங்குவர். ஊத்தா, கச்சா, அரிகூடை, தூரி, கொடிவலை எனக் கைக்குக் கிடைத்ததெல்லாம் கருவிதான். விராலும் கெளுத்தியும் கெண்டையும் குரவையும் கூடைக்கு ஏறும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவரவர் பிடித்தது அவரவருக்கு. மீனை விற்பது குற்றம்போல் கருதப்படும் ஊர்களும் உண்டு.

பார்ப்பவர்க்கு இது வெறும் கொண்டாட்டம். இதற்குள் ஒழுங்கு இருக்கிறது. துண்டு வீசும் நாள் வரை கண்மாயில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆகவே முட்டையிட்ட மீனுக்கு ஒரு முழு வளர்பருவம் கிடைக்கிறது. அந்த நாளும் நீர் வயலுக்கு முழுவதும் பயன்பட்ட பிறகே வருகிறது; ஆகவே மீனுக்கும் நெல்லுக்கும் சண்டை இல்லை. மிதிபட்டுக் கலங்கிய சேற்றுக்குள் குரவையும் விராலும் எஞ்சிப் புதைந்துகிடக்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்ல இவை அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். மடையோரத்து ஆழப் பள்ளம் இவற்றின் புகலிடம். மழை வந்ததும் ஓடைவழி ஏறிவரும் மீன்களோடு இவை மீண்டும் குளத்தை நிரப்பும். குஞ்சு வாங்கிவிடும் தேவை அந்நாளில் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊர்ப்பொது என்ற சொல்லைக் கேட்டதும் கண்கள் பனிக்க எழுதுவோர் நம்மிடையே நிறைய. சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003-இல் வெளியான தம் நூலில் இந்தப் பொதுவின் உள்ளே என்ன இருந்தது என்று காட்டியிருக்கிறார். கண்மாய் மீனையும் மரத்தையும் ஏலமிட்டு வந்த பணம் ஊர்ப்பொது நிதியாகிக் கோயில் திருவிழாவுக்கும் பொதுவேலைக்கும் போனது உண்மை. அந்த ஏலத்தை யார் நடத்துவது, முதல் மரியாதை யாருக்கு என்பதெல்லாம் சாதி வரிசைப்படியே நடந்தது என்பதும் உண்மை. மடை திறந்து மூடிய நீர்ப்பாய்ச்சிகளும் மடைக்குடும்பர்களும் பெரும்பாலும் தலித்துகள். நள்ளிரவில் வெள்ளம் வந்தால் மூழ்கி மடையைத் திறப்பவர் அவர். நிதியைச் செலவிடும் கூட்டத்தில் அவருடைய குரல் எங்கே இருந்தது? பழைய ஏற்பாட்டின் திறமையை நாம் பாராட்டலாம். அதை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இருக்கட்டும். ஆங்கில ஆட்சியில் இந்த இணைப்பு எப்படி அறுந்தது என்பதற்கு வருவோம். கும்பினி அரசு நிலவரியைக் கூட்டியபோது குளப் பராமரிப்புக்கென விடப்பட்டிருந்த மானியங்களும் பங்குகளும் சுருங்கின. பொதுப்பணித் துறை வந்தது. பெரிய கண்மாய்கள் அதன் பொறுப்பாயின. ஊரார் தாமே செய்துவந்த மராமத்து நின்றுபோகவே, 1858-இல் சென்னை அரசு ஒரு சட்டம் போட்டது. வழக்கப்படி ஊரார் தரவேண்டிய உழைப்பைத் தராவிட்டால் தண்டம் என்றது அந்தச் சட்டம். குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையோடு சொல்வதை ஆங்கில அரசின் சட்டம் கட்டாய உழைப்பு என்றே பெயரிட்டது! உழைப்புக்கு ஈடாக ஊருக்குக் கிடைத்துவந்த வருமானம் யாரிடம் போனது என்று சட்டம் கேட்கவில்லை. மீனை எடுத்துக்கொண்டு மண்வெட்டியை மட்டும் ஊராரிடம் விட்டால் யார் வெட்டுவார்?

1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன்பிடிப்பதைத் தடுத்த நல்ல சட்டம். அதற்குப் பின் சென்னை மாகாணத்தின் மீன்துறை வரலாற்றில் ஒரு சுவையான மனிதர் வருகிறார்: சர் பிரடெரிக் நிக்கல்சன். விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்க வழி என்ன என்று ஆராய்ந்து 1890-களில் அவர் எழுதிய பெரும் அறிக்கை, இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் மூலநூல்களுள் ஒன்று; 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு முன்னோடி. அதே நிக்கல்சன்தான் 1907-இல் சென்னை மீன்வளப் பணியகம் உருவானபோது அதை வழிநடத்தியவர். கூட்டுறவும் மீனும் ஒரே மூளைக்குள் குடியிருந்த அரிய தருணம் அது. ஆனால் பணியகத்தின் கவனம் பெரும்பாலும் கடலுக்குப் போயிற்று. உள்நாட்டுக் கண்மாய்களில் மீன், ஏலத்தில் விடவேண்டிய ஒரு வருவாய் இனமாகவே தொடர்ந்தது.

அடுத்த மாற்றம் 1950-களில் நேர்ந்தது. மூன்று நிகழ்ச்சிகள் ஏறக்குறைய ஒருங்கே வந்தன. 1952-இல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா இந்தியாவுக்கு வந்தது. முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும் இந்த மீன் எந்தக் குட்டையிலும் பெருகும். பெருகிப் பெருகி ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவில் நின்றுவிடும். 1959-இலேயே இதைப் பரப்பக் கூடாது என்று அறிஞர் குழு சொல்லிவிட்டது. ஆனால் மீன் அறிக்கைகளைப் படிப்பதில்லை. நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று செல்லப்பெயரும் வாங்கிக்கொண்டது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும் பெருங்கெண்டைகளுக்குச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றி முட்டையிட வைத்தார்கள். ஆற்று வெள்ளத்தை நம்பியிருந்த கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைப் பண்ணையிலேயே உண்டாக்க முடிந்தது. 1959 ஜனவரியில் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. அணையோடு அரசு மீன்விதைப் பண்ணையும் வளர்ந்தது.

இந்த மூன்றும் சேர்ந்து மீனைப் பயிராக்கின. மேல்நீரில் கட்லா, நடுநீரில் ரோகு, அடிநீரில் மிர்கால் எனக் குளத்தை மூன்று தளமாகப் பயன்படுத்தலாம் என்ற அறிவு பரவியது. விளைச்சல் கூடியது, ஏழைவீட்டுக் குழம்பிலும் மீன் வந்தது. இதை மறுப்பது நன்றியன்று. ஆனால் பயிர் என்றால் விதைக்க வேண்டும். விதைக்க முதல் வேண்டும். மழையோடு தானே வந்த மீனுக்கு யாரும் முதலாளியாக இருக்க முடியாது. காசு கொடுத்து விட்ட குஞ்சுக்கு விட்டவனே முதலாளி. தூண்டிலோடு கரையில் உட்கார்ந்திருந்த சிறுவன் அன்றுமுதல் திருடனானான். கண்மாய்க் கரையில் காவல் கொட்டகை முளைத்தது. அயிரையும் குரவையும் கணக்கில் வராத களைமீன்களாயின. (மதுரை வட்டாரத்தில் அயிரை இன்று விற்கும் விலையைப் பார்த்தால் களை எது, பயிர் எது என்ற ஐயம் யாருக்கும் வரும்.)

குத்தகைதாரர் வெளியூர்க்காரராக இருக்கும்போது சிக்கல் மடையில் தொடங்குகிறது. மீனைப் பிடிக்க நீர் குறைய வேண்டும். கடைமடை விவசாயிக்கோ கடைசி நனைப்புக்கு நீர் இருக்க வேண்டும். பிடிகாலத்தில் இரவோடிரவாக மடை திறக்கப்பட்டது என்ற புகார் தமிழகத்தின் எந்தக் கண்மாய்ப் பகுதிக்கும் புதிதன்று. எதிர்வழக்கும் உண்டு: விவசாயிகள் கடைசிச் சொட்டுவரை நீரை இறைத்துக்கொண்டதால் அரைக்கிலோ கூட எட்டாத மீனை அள்ளி விற்று நட்டப்பட்டேன் என்பார் குத்தகைதாரர். இருவர் சொல்வதும் நியாயமே. ஒரே நீருக்கு இரண்டு உரிமையாளரை வைத்து, இருவரும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வைக்காதது ஏற்பாட்டின் கோளாறு. பழைய ஏற்பாட்டில், அதன் எல்லாக் குறைகளோடும், அந்த இடம் இருந்தது.

அதை மறுபடி உண்டாக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. மதுரையை மையமாகக் கொண்டு 1992-இல் தொடங்கிப் பின்னர் தானம் அறக்கட்டளையின் பணியாக வளர்ந்த வயலகம் இயக்கம், கண்மாய்ப் பாசனக்காரர்களைச் சங்கமாக்கித் தூர்வாருதலோடு மீன்வளர்ப்பையும் சங்கத்தின் கையில் சேர்க்க முயன்றது. 2000-இல் தமிழக அரசு பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யச் சட்டம் இயற்றியது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் வந்தது. பெயர் திரும்பியது, ஆனால் செலவு அரசுடையது, மீன் ஏலத்துடையது. தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை ஊராட்சி ஒன்றியங்களிடமும், பெரியவை பொதுப்பணித் துறையிடமும் (2021 முதல் நீர்வளத் துறையிடமும்) இருக்க, மீன் குத்தகை வேறொரு கோப்பில் நகரும். ஒரு குளத்துக்கு எத்தனை அலுவலகம் என்று எண்ணிப்பார்த்தால் மீனுக்கே மூச்சுத் திணறும்.

நம்மைப் போன்றே குளங்களின் நாடான இலங்கையை இங்கே ஒப்பிடுவது பயன்தரும். அங்கும் 1952-இல் திலாப்பியா வந்தது; உள்நாட்டு மீன்பிடிப்பின் முதுகெலும்பாகவே ஆனது. 1990-இல் அரசு, மதக் காரணங்களை முன்னிட்டு, நன்னீர் மீன்பிடிப்புக்கு அளித்துவந்த ஆதரவை முற்றாக நிறுத்திக்கொண்டது. 1994-இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட நான்காண்டுகள் ஒரு கொடிய சோதனைபோல் அமைந்தன. கண்காணிப்பு இல்லாத நீர்த்தேக்கங்களில் சிறுகண் வலைகள் பெருகின, பிடிப்பு சரிந்தது. அதன்பின் அங்கே சிறிய ஊர்க்குளங்களில் மீன்வளர்ப்பை விவசாயிகள் சங்கங்களின் பொறுப்பிலேயே விடும் முறை பரவியது. மாரி மழையில் குளம் நிறைந்ததும் குஞ்சு விடுவது, கோடையில் நீர் வற்றும்போது பிடிப்பது, வருமானத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு. நெல்லுக்கு நீர் திறக்கும் நாளை முடிவுசெய்யும் கூட்டமே மீன் பிடிக்கும் நாளையும் முடிவுசெய்கிறது. நாம் பாசிப்பாட்டத்தில் கண்டதன் தூரத்து உறவு இது. ஆனால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது, கேள்வி கேட்கலாம்.

பள்ளத்தாக்கில் இதற்கு இயற்கையே வசதி செய்துவைத்திருக்கிறது. ஆண்டுக்கு இருபருவ நீர், பக்கத்திலேயே மீன்விதைப் பண்ணை, குமுளியில் முப்பது மைலுக்குள் கூட்டுறவாக மீன்பிடித்துப் பழகிய ஒரு சமூகம். தடையாக நிற்பவற்றில் ஒன்று மிகச் சிறியது. அதைச் சொல்லி முடிக்கிறோம். மீன்பாசிக் குத்தகை இன்றும் பசலி ஆண்டில் எழுதப்படுகிறது. பசலி முகலாயர் காலத்து வருவாய்க் கணக்கு. ஜூலை 1 அன்று பிறந்து ஜூன் 30 அன்று முடியும். கம்பம் பள்ளத்தாக்கில் முதல்போகத்துக்கு நீர் திறக்கும் மரபுநாள் ஜூன் 1. ஆகவே பசலி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பெரியாற்றுப் புதுநீர் கால்வாய்களில் வந்துவிடும். அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், பெரியாற்றுப் பாசனக் குளங்களில் அது ஏறத் தொடங்குவதும் அப்போதுதான். போகிறவர் கடைசி மீனையும் அரித்தெடுக்கும் அவசரத்தில் நீரை இறக்க நினைக்கும் மாதமும், நாற்றங்காலுக்கு ஒவ்வொரு சொட்டும் வேண்டியிருக்கும் மாதமும், எஞ்சிய விரால் முட்டையிட இடந்தேடும் மாதமும் அதுவே.